லுத்தரன் ஆராதனையில் மாறியதும் மாறாததும்: உங்கள் கோயிலில் என்ன நடந்தது?

மயிலாடுதுறைக்காரன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மார்ட்டின் லூத்தர் வழிவந்த லுத்தரன் சபை எங்களுடையது. அதை நிர்வகிக்கும் சபைச் சங்கத்தில் இப்போது ஒரே வாக்குவாதம். ஞாயிறு ஆராதனையில் ஐயர் (எங்கள் போதகர்) பாட, சபை பதில் பாடும் பகுதியை வெறும் வாசிப்பாக்கிவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் வாலிபர் கீபோர்டும் டிரம் பேடும் வைத்துத் துதிப்பாடல் பாட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. "இது லுத்தரன் கோயில், எழுப்புதல் கூட்டம் அல்ல" என்கிறது மற்றத் தரப்பு.

நான் பழைய முறைப் பக்கம் சாய்பவன்தான். ஆனால் என் பக்கத்தார் சொல்லும் காரணம் எனக்கே செரிக்கவில்லை. "தரங்கம்பாடி மிஷனெரிமார் கொடுத்தது, கை வைக்கக் கூடாது" என்கிறார்கள். எந்த மிஷனெரிமார்? 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய முதல் மிஷனெரிகள் சீகன்பால்குவையும் புளூட்சோவையும் அனுப்பியவர் டென்மார்க் அரசர், வந்தவர்கள் ஜெர்மானியர்கள். 1840களில் வந்தவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன்காரர்கள். முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட, பொறுப்பு சுவீடன்காரர்கள் கைக்குப் போனது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1921இல் முதல் பேராயரானவர் சுவீடனின் ஹியூமன். கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையும் ஜெர்மன் வழக்கம். வெள்ளை அங்கி, காலத்துக்கேற்ற நிறத்தில் மேலாடை, பேராயரின் கிரீடம், கோல் இவையெல்லாம் சுவீடன் வழக்கத்தோடு நெருங்கியவை. இரண்டும் எங்கள் கோயில் அலமாரியில் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. "பரம்பரை" என்று நாங்கள் காக்கும் பொருளே இப்படி அடுக்கடுக்காக வந்து சேர்ந்தது.

உங்கள் சபைகளில் என்ன மாறியது, யார் எதிர்த்தார்கள், பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

புரசைவாக்கம் பாடகர் குழு

அண்ணா, எங்கள் சபையில் சண்டை கருவியைப் பற்றி அல்ல, வேகத்தைப் பற்றி. ஞானப்பாட்டுகளை, அதாவது மேற்கத்திய மெட்டில் பாடும் பாட்டுகளை, எங்கள் பெரியவர்கள் இழுக்கும் இழுப்பில் ஒரு சரணம் முடிவதற்குள் காணிக்கைப்பை கோயிலையே சுற்றி வந்துவிடும். புதிதாக வந்த ஆர்கன் வாசிக்கும் தம்பி, நோட்டில் இருந்த வேகத்தில் வாசித்தான். சபை பின்தங்கிவிட்டது. மறுவாரம் அவனைக் கூப்பிட்டு, "ஓடாதே தம்பி, இது ஆராதனை" என்று சொல்லிவிட்டார்கள். அவன் வேறு சபைக்குப் போய்விட்டான். நல்ல வாசிப்பாளனை இழந்தது பற்றி யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து நேரத்தில் ஒரு கீர்த்தனையை மிருதங்கத்தோடு பாடியபோது, "கச்சேரி" என்று முகம் சுளித்தவர்களும் இதே பெரியவர்கள்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது 1774இல்! அவர் வழியில் வந்த கீர்த்தனை புதுமையாம். அதற்கும் பின்னால் வந்து சேர்ந்த ஆங்கில மெட்டுகள் பழமையாம்.

லைப்சிக்கிலிருந்து

படிப்புக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். இசைமேதை பாக் இசைப் பொறுப்பில் இருந்த தோமா ஆலயத்தில் வெள்ளி மாலையும் சனி பிற்பகலும் சிறுவர் பாடகர் குழு பாடும். கோயில் நிரம்பி வழியும். வந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல இசை கேட்க வந்தவர்கள். சாதாரண ஞாயிறு அன்று ஊர்ப்புறத்தில் ஒரு சிறு கோயிலுக்குப் போனால் கதை வேறு. கிழக்கு ஜெர்மனிக் காலத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் சபையில் சேராதவர்களே அதிகம். நான் போன இடத்தில் நரைத்த தலைகள் சில, ஆர்கன் ஒன்று, பெண் போதகர் ஒருவர். அவ்வளவுதான்.

அன்று 46ஆம் சங்கீதத்தை ஒட்டி லூத்தர் எழுதிய பாட்டைப் பாடினார்கள். சீர்திருத்த நாள்தோறும் ஊரில் பாடி வளர்ந்தவன் என்ற தைரியத்தில் குரலை உயர்த்தினேன். இரண்டாவது அடியிலேயே தடுமாறினேன். மெட்டு அதேதான், தாளம் வேறு. குட்டையும் நெட்டையுமாகத் துள்ளியது. ஆராதனை முடிந்து ஆர்கன் வாசித்தவரிடம் கேட்டேன். லூத்தர் காலத்தில் அப்படித் துள்ளலாகத்தான் இருந்ததாம். பின்னால் வந்தவர்கள் எல்லா ஸ்வரத்தையும் ஒரே நீளமாகத் தட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். இப்போதைய ஜெர்மன் பாட்டுப் புத்தகம் பழைய தாளத்துக்கே திரும்பியிருக்கிறது. ஆகவே புரசைவாக்கம் சகோதரி, அந்தத் தம்பி உங்கள் பெரியவர்களைவிடப் பழமைவாதியாகவும் இருக்கக்கூடும்.

கோலாலம்பூர்

எங்களுக்கு இந்தக் கவலையே வேறு. தோட்டங்களுக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த தமிழர்கள் கட்டிய சபைகள் இவை. இப்போது பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பதில் பாட்டு முழுவதும் மனப்பாடம் என்பதால் அதில் மட்டும் அவர்கள் வாய் அசைகிறது. திரையில் புதுப்பாட்டு வந்தால் நின்றுவிடுகிறார்கள். வாசிப்பாக மாற்றுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

ஊர் பெயர் வேண்டாம்

ஐயா, மெட்டையும் அங்கியையும் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். உட்கார்ந்த இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது அழகு. அந்தச் சிலுவையின் எந்தக் கையில் எந்தச் சாதி உட்காரும் என்று வகுத்திருந்த காலமும் உண்டு. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் லைப்சிக் மிஷன் சபைகளுக்கு வந்தார்கள். அங்கே இந்த விஷயத்தில் இடம் கொடுத்தார்கள். கீர்த்தனைக்காக நாம் கொண்டாடும் சாஸ்திரியாரும் அந்த வழக்கில் சாதி முறைக்காக வாதாடியவர். பாட்டு வேறு, அது வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் மிஷனெரி கைவைக்கக் கூடாத ஊர் வழக்கமாகவே கண்டார்.

என் பாட்டி ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் பின்பக்கம் பாய் விரித்திருக்கும். திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் வரிசை இருந்தது. முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் பருகி முடித்த பிறகே பாய்க்காரர்கள் பீடத்துக்குப் போவார்கள். சட்டம் எதுவும் எழுதியிருக்கவில்லை. என் அப்பா ஒருநாள் நடுவில் எழுந்து போய் முழங்கால் படியிட்டார். ஐயர் ஒரு கணமும் தயங்காமல் கொடுத்தார். அடுத்த வாரம் முன்வரிசையில் சில குடும்பங்கள் வரவில்லை. பிறகு வந்தார்கள், வேறு எங்கே போவார்கள்?

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஆளுக்கொரு சிறு குவளை. நோய்க்காக என்றார்கள், சரி. நோய் போய்விட்டது, குவளை போகவில்லை. பொதுப் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நான் சங்கத்தில் கேட்டபோது, பாரம்பரியம் பாரம்பரியம் என்று டிரம் பேடை எதிர்த்த அதே ஆட்கள், "காலம் மாறிவிட்டது, சுகாதாரம் முக்கியம்" என்றார்கள். அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதை விடக்கூடாது, எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது யார் என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

மயிலாடுதுறைக்காரன்

கடைசியாக எழுதியவருக்கு: எங்கள் கோயிலிலும் குவளைதான். இதுவரை ஒருவரும் அதை மாற்றம் என்றே எண்ணவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் டிரம் பேடுக்கு மேலே இதைச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிவிட்டேன். எனக்கு நண்பர்கள் குறையப்போகிறார்கள்.

கோலாலம்பூர் சகோதரர் சொன்னதைக் காட்டி, பதில் பாட்டை ஒரு வருடத்துக்காவது அப்படியே விடலாம் என்று வாலிபரிடம் பேசினேன். அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஞானப்பாட்டுகளைத் துள்ளலான பழைய தாளத்தில் பாட விட வேண்டுமாம். லைப்சிக் நண்பரே, அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் ஆனாலும் பரவாயில்லை, ஸ்வரங்களை எழுத்தில் குறிக்கும் சோல்ஃபாவுக்கு நாங்களே மாற்றிக்கொள்வோம்.