பூஞ்சைக்கும் அமில அரிமானத்துக்கும் ஒரே டிரையசோல் தொகுதி: ஒரு காப்புரிமை விண்ணப்பம் போதுமா?

வடிதாள் (கேள்வி)

4-அமினோ-1,2,4-டிரையசோல் (மூன்று நைட்ரஜன் உள்ள வளையம்) வகையோடு பல ஆல்டிஹைடுகளைச் சேர்த்து 14 ஷிஃப் பேஸ் (அமினும் ஆல்டிஹைடும் இணைந்து வரும் சேர்மம்) செய்திருக்கிறோம். தேடியவரை 11 புதியவை, 3 ஏற்கெனவே ஆய்விதழ்களில் வந்தவை. அந்த மூன்றில் மார்ஃபோலின் உள்ள ஒன்றை மட்டும் மெசிலேட் உப்பாக மாற்றினோம்.

பூஞ்சை: மார்ஃபோலின் சேர்மத்தின் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவு) கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சைக்கு மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராம், அதன் உப்புக்கு 8. நீரில் கரைதிறன் 9 மடங்கு கூடியிருக்கிறது.

இரும்பு: 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 30 டிகிரி, 6 மணி நேரம், 200 பிபிஎம். மைல்டு ஸ்டீல் எடை இழப்பில் தடுப்புத் திறன் 91%. இது அந்த மூன்று பழைய சேர்மங்களில் ஒன்று.

கேள்விகள்:
1. எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் போடலாமா?
2. உப்புக்குக் கரைதிறன் தரவு போதுமா?
3. பழைய சேர்மத்தின் அரிமானத் தடுப்புப் பயன் புதிது. அதைத் தனியாகக் கோரலாமா?

ஆய்வேடு இரண்டு மாதத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.

பிரிவுமூன்று

முதலில் 11-ஐயும் 3-ஐயும் பிரித்து வையுங்கள். இரண்டின் தலையெழுத்தும் வேறு.

மூன்றாவது கேள்விக்கு நேர் பதில்: முடியாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி) என்றாலே எல்லோரும் உப்பு, படிகம் என்றுதான் பேசுகிறார்கள். அதே பிரிவு, அறிந்த பொருளுக்குப் புதிய பண்பையோ புதிய பயனையோ கண்டுபிடித்தது மட்டும் கண்டுபிடிப்பாகாது என்றும் சொல்கிறது. மருந்துக்கு மட்டுமல்ல, பிக்ளிங் (இரும்பின் துருவை அமிலத்தில் நீக்குவது) தொட்டிக்கும் அதுவே சட்டம். "அரிமானத் தடுப்பானாகப் பயன்படுத்துதல்" என்று கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை) எழுதினால் முதல் பரிசோதனை அறிக்கையிலேயே அடிபடும். "பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் முறை" என்று எழுதினால் 3(ஐ) தடுக்கும், சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடையாது. மிஞ்சுவது சேர்மம், கலவை, தயாரிப்பு முறை மூன்றும்தான்.

உப்பு: உப்பு, எஸ்டர், பாலிமார்ஃப் (வேறு படிக வடிவம்), ஐசோமர் எல்லாம் மூலப்பொருளே என்றுதான் காப்புரிமை அலுவலகம் எடுத்துக்கொள்ளும். பயன்திறனில் கணிசமான வேறுபாடு உண்டு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் கேள்விக்கு அளவுகோல் இமாட்டினிப் மெசிலேட் என்ற புற்றுநோய் மருந்தின் வழக்கு. நீங்கள் தாக்கல் செய்யப்போகும் இதே சென்னை அலுவலகத்தில் 1998-இல் வந்த விண்ணப்பம். 2006 ஜனவரியில் நிராகரிப்பு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பீட்டா படிகம் நன்றாக ஓடுகிறது, ஈரம் குறைவாக உறிஞ்சுகிறது, வெப்ப இயக்கவியல்படி நிலையானது என்ற மூன்றையும் நீதிமன்றம் சிகிச்சைப் பயன்திறனாக ஏற்கவில்லை. உயிர்க்கிடைப்பு (இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு) 30% கூடியதும் போதவில்லை. அது சிகிச்சைப் பயனைக் கூட்டுகிறது என்று ஆய்வுத் தரவோடு தனியே நிறுவ வேண்டும் என்றது. 30 சதவீத உயிர்க்கிடைப்பே அங்கு நிற்கவில்லை என்றால், வெறும் 9 மடங்கு கரைதிறன் எங்கே நிற்கும்?

அதே தீர்ப்பில் அதிகம் கவனிக்கப்படாத இடம் ஒன்று உண்டு. பயன்திறன் என்பது அந்தப் பொருள் எதற்காகவோ அதில் அது தரும் விளைவு. மருந்துக்கு அது சிகிச்சை விளைவு. இரும்புத் தடுப்பானுக்குத் தடுப்புத் திறன்தான் அளவுகோல் என்று வாதிட அங்கேயே இடம் இருக்கிறது. எனவே தொழில்துறைப் பயனுக்கு ஒரு புதிய உப்பைக் கொண்டுபோனால், மூலச் சேர்மத்தோடு பக்கத்தில் பக்கம் வைத்த தடுப்புத் தரவு வேண்டும்.

முதல் கேள்வி: 11 புதியவற்றுக்கும் பொதுவான மூலக்கூறுக் கூடு இருப்பதால் ஒரே விண்ணப்பம் தாங்கும். முதன்மைக் கிளெய்ம் சேர்மம், அதைச் சார்ந்து பூஞ்சைக் கலவை, பிக்ளிங் கலவை. பழைய மூன்றைக் கொண்ட கலவையை இதற்குள் நுழைக்காதீர்கள். இரண்டையும் கட்டும் பொதுக் கருத்து இல்லை என்று பிரிவு 10(5)-இல் ஆட்சேபம் வரும். அதைத் தனி விண்ணப்பமாகப் போடுங்கள்.

குடுவை

சட்டத்துக்குப் போகும் முன் வேதியியல். இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம்.

ஒன்று, எம்ஐசி. உப்பையும் பேஸையும் (உப்பாக்காத மூலச் சேர்மம்) டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து, மாப்ஸ் தாங்கல் போட்டு பிஹெச் 7.0-இல் நிறுத்திய ஆர்பிஎம்ஐ 1640 வளர்ப்பு ஊடகத்துக்குள் விட்டால், குழிக்குள் இருப்பது ஒரே மூலக்கூறுதான். அது எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்று பூஞ்சைக்குத் தெரியாது. அப்படியானால் 16-க்கும் 8-க்கும் வித்தியாசம் எப்படி? இரட்டிப்பு நீர்த்தலில் ஒரு படி மேலே கீழே போவது முறையின் வழக்கமான பிழை. இல்லையென்றால் பேஸ் குழியில் வீழ்படிவாகியிருக்கும். தட்டை நுண்ணோக்கியில் பாருங்கள், ஊசிப் படிகம் தெரிந்தால் விடை அதுதான். மறுபடி செய்யும்போது இரண்டையும் மைக்ரோமோலாரில் வையுங்கள் (உப்பில் மெசிலேட்டின் எடையும் சேர்ந்திருக்கிறது). டிஎம்எஸ்ஓ இறுதியில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மில்லிலிட்டருக்கு 500 முதல் 2500 செல், 35 டிகிரி, 24 மணி, 50% தடுப்பில் வாசிப்பு. கட்டுப்பாட்டு இனங்கள் (எம்ஐசி வரம்பு முன்பே தெரிந்த பூஞ்சைகள்) இரண்டும் வரம்புக்குள் வராத தட்டைத் தூக்கிப் போடுங்கள். நான்கு மடங்குக்குக் குறைந்த வித்தியாசத்தை வித்தியாசம் என்று எழுத வேண்டாம். உப்பின் நன்மை உண்மையில் வாய்வழி கொடுக்கும்போதுதான் தெரியும், அதற்கு விலங்கு ஆய்வு வேண்டும்.

இரண்டு, இதுதான் பெரியது. உங்கள் சேர்மத்தில் இமின் பிணைப்பு (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) இருக்கிறது. அதை 6 மணி நேரம் 1 மோலார் அமிலத்தில் ஊறப்போடுகிறீர்கள். டிரையசோலின் நைட்ரஜனோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் சாதாரண இமினை விடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். 60 டிகிரியில் நம்பவே முடியாது. உடைந்தால் தொட்டியில் இருப்பது அமினோடிரையசோலும் ஆல்டிஹைடும். இரும்பைக் காப்பது அவையாக இருந்தால் 91% உங்கள் சேர்மத்தின் எண்ணே அல்ல. சின்னமால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் அமிலத் தடுப்பான்களாக ரொம்ப நாளாகப் புழக்கத்தில் உள்ளவை. எதிர்ப்பு மனு போடுபவர் முதலில் தோண்டும் இடம் இது. உப்பின் கதையும் அதேதான்: அமில உப்பு, கொஞ்சம் ஈரம், இமின். 9 மடங்கு கரைதிறனை யூவியில் (புற ஊதா ஒளி உறிஞ்சல்) மட்டும் அளந்திருந்தால், கரைந்தது எது என்பதே கேள்வி.

வடிதாள்

யூவியில்தான் அளந்தோம். உடைந்திருக்கிறதா என்று எளிதாகப் பார்க்க வழி? ஆல்டிஹைடைக் காட்டும் 2,4-டிஎன்பி வினைப்பொருள் போட்டால் தெரியாதா?

குடுவை

டிஎன்பி ஏமாற்றும். அந்தக் கரைசலே அமிலம், உடையாத இமினும் அதனுடன் மாற்று வினை புரிந்து ஆரஞ்சு வீழ்படிவு தரலாம்.

இரும்புத் துண்டு இல்லாமல் அதே அமிலத்தில், அதே 200 பிபிஎம், 0, 1, 3, 6 மணிகளில் 1 மில்லி எடுங்கள். ஒவ்வொன்றிலும் சோடியம் பைகார்பனேட் 90-100 மில்லிகிராம் சிறுகச் சிறுகப் போடுங்கள். நுரைக்கும், மூடியைத் திறந்தே வையுங்கள், பெரிய வயலாக எடுங்கள். நுரை அடங்கியதும் 1 மில்லி எத்தில் அசிட்டேட்டில் பிரித்து, டிஎல்சியில் (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தூய ஆல்டிஹைடையும் மூலச் சேர்மத்தையும் பக்கத்தில் போட்டு ஓட்டுங்கள். ஆல்டிஹைடு புள்ளி 1 மணியிலேயே வந்தால் ஹெச்பிஎல்சியில் (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) அளவு பாருங்கள். 60 டிகிரியிலும் ஒரு தொடர் செய்யுங்கள். கூடவே அமினோடிரையசோல் மட்டும், ஆல்டிஹைடு மட்டும், இரண்டின் சம மோலார் கலவை என்று மூன்று எடை இழப்பு ஓட்டங்கள். கலவையும் 91 தந்தால் அந்தக் கிளெய்மை மறந்துவிடலாம்.

உடைகிறது என்றால் இமினை ஒடுக்கிவிடுங்கள்: மெத்தனால், 0 முதல் 5 டிகிரி, சோடியம் போரோஹைட்ரைடு 1.5 முதல் 2 சமானம், பகுதி பகுதியாக. கிடைக்கும் பென்சைலமினோ சேர்மம் அமிலத்தில் நிற்கும். ஆனால் அதன் புதுமையைத் தனியாகத் தேட வேண்டும், இரண்டு சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அமிலத்தொட்டி

எடை இழப்பில் சில சில்லறை விஷயங்கள், ஆனால் இவைதான் தரவைக் கெடுக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குக் குறைந்தது 20 மில்லி கரைசல். பீக்கர் சின்னதாக இருந்தால் அமிலமே தீர்ந்து திறன் தவறாகத் தெரியும். சேர்மத்தை எத்தனாலில் கரைத்து ஊற்றினால் வெறும் அமிலப் பீக்கரிலும் அதே அளவு எத்தனால் இருக்க வேண்டும். மூன்று துண்டுகள், 0.1 மில்லிகிராம் தராசு, சுத்தம் செய்யும் கரைசலில் இழக்கும் எடைக்குத் தனித் திருத்தம். 30 டிகிரி மட்டும் போதாது. ஆலையில் ஹைட்ரோகுளோரிக் பிக்ளிங் 60 டிகிரிக்கு மேலும் ஓடும். திறன் அங்கே 50-க்கு விழுந்தால் வாங்க ஆளில்லை.

கலவைக் கிளெய்ம் பற்றி. பழைய சேர்மத்துக்கு அதுதான் வழி, ஆனால் 3(ஈ) காத்திருக்கிறது: வெறும் கலவை, பண்புகளின் கூட்டுத்தொகை மட்டும் என்றால் கிடையாது. கூட்டுத்திறனை (சேரும்போது எதிர்பார்த்ததைத் தாண்டும் விளைவு) எண்ணால் காட்டுங்கள். பொருள் 1 தனியாக 0.60, பொருள் 2 தனியாக 0.50 பரப்பை மூடினால், சேர்த்து எதிர்பார்ப்பது 1 − (0.40 × 0.50) = 0.80. அளந்தது 0.92 என்றால் மூடாத பரப்புகளின் விகிதம் 0.20 / 0.08 = 2.5. ஒன்றுக்கு மேல் என்றால் கூட்டுத்திறன். குறைந்தது மூன்று கலப்பு விகிதங்களில் செய்து, கிளெய்மில் அந்த எல்லையை மட்டும் எழுதுங்கள்.

பொட்டாசியம் அயோடைடைத் துணைக்கு எடுக்க வேண்டாம். எண் அழகாக வரும், ஆனால் கரிமத் தடுப்பானோடு அயோடைடு கூட்டுத்திறன் தருவது பாடப்புத்தக விஷயம், "வெளிப்படை" என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

பிரிவுமூன்று

நாள் கணக்கு. ஆய்வேடு ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறினால் அது முன்வெளியீடு. பிரிவு 31-இன் 12 மாதச் சலுகை, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்குத்தான். ஆய்வேட்டை அதில் ஒளித்துவைக்க முடியாது. விண்ணப்பம் முந்த வேண்டும்.

இரண்டு மாதத்துக்குள் இமின் சோதனை முடியாது என்றால் 11 புதியவற்றுக்கு இடைக்கால விண்ணப்பம் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. இடைக்காலம் என்றால் ஒரு பக்கம் என்று நினைக்காதீர்கள். அதில் இல்லாத சேர்மத்துக்கு அந்த நாள் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு அளவு, விளைச்சல், உருகுநிலை, என்எம்ஆர், மாஸ். முழு விவரக்குறிப்புக்குப் பிறகு பிரிவு 59 புதிய விஷயத்தை உள்ளே விடாது.

பொதுச் சூத்திரத்தை அகலமாக எழுதும் ஆசையும் வேண்டாம். எல்லா எடுத்துக்காட்டும் பதிலீட்டு ஃபினைல் என்றால் "ஹெட்டெரோஅரைல்" என்று விரிப்பது தாங்காது. நாளைக்கு அதற்குள்ளிருந்தே நல்ல சேர்மம் ஒன்றைத் தனியாகக் கோரும்போது உங்கள் முதல் காப்புரிமையே குறுக்கே நிற்கும். டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்துக்கு 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதுதான் நடந்தது.

கல்வி நிறுவனம் என்றால் மின்வழித் தாக்கல் 1,600 ரூபாய், 30 பக்கமும் 10 கிளெய்மும் தாண்டினால் கூடுதல். பரிசோதனைக் கோரிக்கை படிவம் 18, 4,000 ரூபாய், 31 மாதத்துக்குள். பழைய 48 மாதக் கணக்கை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2024 மார்ச் 15 முதல் தாக்கலானவற்றுக்கு அது இல்லை.

தேடலில் ஒன்று: உப்பின் இன்ச்சி கீயை (மூலக்கூறு அமைப்பைக் குறிக்கும் எழுத்துக் குறியீடு) வைத்துத் தேடினால் முதல் 14 எழுத்துகளே மாறிவிடும், பேஸின் காப்புரிமை கண்ணில் படாது. பேஸின் கீயால் தேடுங்கள், பிறகு பேட்டன்ட்ஸ்கோப் என்ற காப்புரிமைத் தரவுத்தளத்தில் துணைக்கட்டமைப்பாக (மூலக்கூறின் ஒரு பகுதியாக) வரைந்து தேடுங்கள். "11 புதியவை" என்றது பொதுச் சூத்திரங்களையும் பார்த்த பிறகுதானா?

வடிதாள்

இல்லை, சேர்மம் சேர்மமாகத்தான் தேடினோம். டிஎல்சியும் துணைக்கட்டமைப்புத் தேடலும் முடித்து இங்கேயே போடுகிறேன்.