கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தவர்களே, எவ்வளவு பிடித்தார்கள்?

கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தவர்கள், என்னென்ன பிடித்தார்கள் என்று இங்கே எழுதுங்கள். கட்டணப் பட்டியலில் இருப்பது ஒன்று, பில்லில் வருவது ஒன்றாக இருக்கிறது.

என் விஷயம் இது. அப்பாவை ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. முன்பணம் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள். சேமிப்புக் கணக்கில் இருந்தது பற்றவில்லை, கிரெடிட் கார்டிலிருந்து 10,000 எடுத்தேன். கட்டணம் 2.5 சதவீதம் என்றால் 250தானே வர வேண்டும்? பில்லில் 500. 'குறைந்தபட்சம் 500' என்று கட்டணப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். சரி. அதன்மேல் வரி. அதையும் விடுங்கள். வட்டி என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். நான் எப்போதுமே கெடு தேதிக்குள் முழு பில்லையும் கட்டிவிடுகிற ஆள். இதையும் அப்படியே கட்டினேன். அடுத்த பில்லிலும் வட்டி வந்து நிற்கிறது! சல்லிக்காசு பாக்கி வைக்காதவனுக்கு வட்டி எங்கிருந்து முளைக்கும்? கஸ்டமர் கேரில் கேட்டால் "சிஸ்டம் போடுது சார்" என்கிறார்கள்.

* * *

அப்பா இப்போது நலம்தானே? நான் கார்டு பில் போடுகிற பிரிவில் சில வருஷம் இருந்தவன். தினமும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பொருள் வாங்கினால் கெடு தேதி வரை வட்டி கிடையாது. ரொக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பணம் கையில் விழுந்த அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். முழு பில்லையும் கட்டுகிற பழக்கம் இங்கே உதவாது.

இரண்டாவது மாத வட்டி எப்படி வருகிறது என்று பாருங்கள். 5ஆம் தேதி எடுக்கிறீர்கள், 25ஆம் தேதி பில் போடுகிறார்கள், அடுத்த மாதம் 14 அல்லது 15ஆம் தேதி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பில்லில் 25ஆம் தேதி வரைக்குமான வட்டிதான் இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் கட்டிய நாள் வரை ஓடிய வட்டி அந்த பில்லில் இருக்க வழியே இல்லை, அது அடுத்த பில்லில்தான் வரும். ஆண்டுக்கு 36 சதவீதம் என்றால் 10,000க்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 10. நாற்பது நாளுக்கு 400 பக்கம். கட்டணம் 500ஐச் சேர்த்தால் வரி இல்லாமலே 900. கையில் நாற்பது நாள் இருந்த பணத்துக்கு இது 9 சதவீதம். ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் 80ஐத் தாண்டும். கந்துவட்டிக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் கேட்பார்.

* * *

எடுத்த இரண்டொரு நாளில் கட்டிவிட்டால்?

* * *

வட்டி நின்றுவிடும், கட்டணம் நிற்காது. பில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கையில் காசு வந்ததும் ஆப்பிலேயே கட்டலாம். ஆனால் ஏற்கெனவே கார்டில் பொருள் வாங்கிய பாக்கி இருந்தால், நீங்கள் கட்டுகிற தொகை முதலில் எந்தப் பாக்கிக்குப் போகும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். குறைந்த வட்டி ஓடுகிற பாக்கியை முதலில் கழித்துவிட்டு, ரொக்கத்தை அப்படியே ஓடவிடுகிற முறையும் உண்டு. அதனால் மொத்தப் பாக்கியையும் சேர்த்துக் கட்டுங்கள்.

இன்னொன்று, எடுக்கத்தான் போகிறோம் என்றால் ஒரே தடவையில் எடுங்கள். குறைந்தபட்சக் கட்டணம் ஒவ்வொரு தடவைக்கும் உண்டு. 2,000, 2,000 என்று மூன்று முறை எடுத்தவருக்கு 6,000க்கு 1,500 கட்டணம் போன பில்லை நானே பார்த்திருக்கிறேன்.

* * *

ஏடிஎம் பக்கமே போகாமல் இந்தக் கட்டணம் எனக்கு வந்தது. கார்டிலிருந்து வாலட்டில் பணம் ஏற்றினேன், அங்கிருந்து ஒருவருக்கு அனுப்பினேன். அவ்வளவுதான். பில்லில் 'கேஷ் அட்வான்ஸ்' என்று வந்துவிட்டது. ரொக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கவில்லையே என்று சண்டை போட்டேன். அப்போதுதான் கஸ்டமர் கேரில் பேசிய பெண் விளக்கினார், பொறுமையாகவே விளக்கினார். பணம் வாங்குகிற ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறதாம். ஏடிஎம்முக்கு 6011. அந்நியச் செலாவணி, கிரிப்டோ போல ரொக்கத்துக்குச் சமமானவற்றுக்கு 6051. பணம் அனுப்பும் சேவைக்கு 4829. சூதாட்டத்துக்கு 7995. எந்தக் குறியீட்டில் பரிவர்த்தனை விழுகிறது என்று பார்த்துத்தான் வங்கி முடிவு செய்கிறது. நாம் எதற்காகச் செலவழித்தோம் என்பது அதற்குத் தெரியாது.

கட்டணத்தைத் திருப்பித் தந்தார்களா என்று கேட்காதீர்கள்.

* * *

ரத்தான டிக்கெட்டுக்கான பணம் கார்டுக்கே திரும்பி வந்தது. பில்லை ஏற்கெனவே கட்டியிருந்ததால் கார்டில் எனக்கு வரவு நின்றது, அதாவது வங்கிதான் எனக்குத் தர வேண்டும். அந்தத் தொகையை ஏடிஎம்மில் எடுத்தேன். என் சொந்தப் பணத்தை நான் எடுக்க எனக்கே கட்டணம் போட்டார்கள்! கடனே இல்லாததால் வட்டி மட்டும் வரவில்லை. கட்டணம் கடனுக்கு இல்லை, ரொக்கம் எடுக்கும் பரிவர்த்தனைக்காம். பிறகு இன்னொரு தடவை இதேபோல வரவு நின்றபோது, சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு செலவும் இல்லாமல் வந்து சேர்ந்தது. இப்படி ஒரு வழி இருப்பதை அவர்களாக வாய் திறந்து சொன்னதில்லை.

* * *

வெளிநாட்டில் எடுத்த அனுபவம் யாரும் எழுதவில்லையே. அங்கே அடுக்கடுக்காக வரும். ஏடிஎம் வைத்திருப்பவர் ஒன்று பிடிப்பார், நம் வங்கி ரொக்கக் கட்டணம் பிடிக்கும், அதற்கு மேல் நாணய மாற்றுக்கு ஒரு சதவீதம், அப்புறம் வட்டி. பணம் வருவதற்கு முன் திரையில், 'உங்கள் ஊர் நாணயத்திலேயே கணக்கிடட்டுமா' என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதத்தை வைப்பது ஏடிஎம்காரர், அவருக்கு லாபம் இல்லாமல் கேட்க மாட்டார். டெபிட் கார்டு இருந்தால் ரொக்கத்துக்கு அதையே பயன்படுத்துவது மேல்.

* * *

எல்லோரும் திட்டுகிறார்கள், ஒருவராவது மாற்றிச் சொல்ல வேண்டாமா? முதலில் எழுதியவரின் நிலையில் நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். நடு ராத்திரியில் யாரிடம் போய்க் கேட்பது? அந்த 900ஐ மருந்துச் செலவோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நான் கோபப்படுவது வேறு ஒன்றுக்கு. ஏடிஎம் திரையில் இருப்பு காட்டுகிறார்கள், ரசீது வேண்டுமா என்று கேட்கிறார்கள், 'இதற்கு 500 கட்டணம், இன்று முதல் வட்டி' என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அவசரம் இல்லாமல் கொஞ்சம் பெரிய தொகை தேவைப்படுகிறவர்கள், கார்டின் மேலேயே கடன் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். மாதத் தவணையில் கட்டலாம், வட்டி பெரும்பாலும் ரொக்கத்துக்குப் போடுவதைவிடக் குறைவு. செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

* * *

வீட்டில் என் பையனுக்கும் ஆட்-ஆன் கார்டு, அதாவது என் கணக்கிலேயே அவன் பெயரில் தந்த கூடுதல் கார்டு இருக்கிறது. ரொக்க வரம்பு என்று மொத்த லிமிட்டில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள். அதைப் பூஜ்யமாக்க முடியுமா என்று கேட்டேன், ஆப்பிலேயே ஏடிஎம் பயன்பாட்டை அணைத்து வைக்கலாம் என்றார்கள். இரண்டு கார்டிலும் அணைத்துவிட்டேன். பையனுக்கு இன்னும் தெரியாது.