குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகமும் ஒரு பாட்டி கேட்ட கேள்வியும்

ஹட்டன் ஆசிரியை:

யாழ்ப்பாண நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ நாடகத்தின் சில காட்சிகளை எங்கள் உயர்தர மாணவர்கள் ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆடினார்கள். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, யாழ்ப்பாணத்தில் தனித்துப்போன முதியவர்களின் கதை அது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதியவராக நடித்த மாணவன் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த கட்டத்தில், முன்வரிசையில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த எண்பது வயதுப் பாட்டி ஒருவர் எழுந்து நின்று, “ஏய்யா, ஒன் புள்ளைங்க எல்லாம் கப்பலேறிருச்சுங்களே, ஒனக்கு மட்டும் ஏன் பேரு வரல?” என்று கேட்டார்.

களம் முழுவதும் அமைதியாகிவிட்டது. நாடகம் சொன்னது கனடாவையும் ஐரோப்பாவையும். பாட்டி கேட்டது, தோட்ட மக்களை இந்தியாவுக்கு ஏற்றிப்போன தலைமன்னார்க் கப்பலை. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொண்டபோது, ஒரே லயத்துக் குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா போகும் பட்டியலில் பேர் வந்து தம்பிக்கு வராமல் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும், திகைத்துப்போய் என்னைப் பார்த்த மாணவனிடம், வசனத்தைத் தொடரும்படி தலையாட்டினேன். அவன் தொடர்ந்தான். பாட்டி பதில் கிடைக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

பதுளைத் தகப்பன்:

பாட்டி நாடகத்தைத் தவறாக விளங்கிக்கொண்டார் என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே முந்திக்கொண்டு எழுதுகிறேன். ‘எந்தையும் தாயும் மகிழ்ந்து குலாவி இருந்ததும் இந்நாடே’ என்ற பாரதியின் வரியிலிருந்து எடுத்த தலைப்பு அது. எந்த நாடு ‘இந்நாடு’ என்று எங்களை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் மக்களைக் கேட்காத அலுவலகம் இல்லை.

என் மனத்தை உறுத்துவது வேறு. என் மகளுக்குப் பாடசாலை நாடகத்தில் யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு பாத்திரம் கிடைத்தது. வீட்டில் அவள் ‘என்ன செய்யிறியள்’ என்று சொல்லிப் பழகியபோது அப்பாயி சிரித்தார்; உண்மையைச் சொன்னால், முதலில் சிரித்தவன் நான். மறுநாள் அவள் தனக்கு அந்த வேடம் வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள். பாத்திரங்களை எங்கள் பேச்சுக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

கொட்டகலை நாடகக்காரன்:

பதுளைக்காரரே, உங்கள் சிரிப்புக்கு நாடகாசிரியர் எப்படிப் பொறுப்பாவார்? நானும் ஒரு முறை அவருடைய ‘மண் சுமந்த மேனிய’ரின் வசனத்தை முழுவதும் தோட்டப் பேச்சுக்கு மாற்றிப் பார்த்தேன். தோட்டத்து வாழ்க்கைக்குள் யாழ்ப்பாண விவசாயியின் மண் ஒட்டவில்லை, ஒத்திகையிலேயே கைவிட்டேன்.

ஆகவே சொல்கிறேன். அவருடைய பிரதிகளை எடுப்பவர்கள் பேச்சை மாற்றுவதற்கு முன், அரங்கை மாற்றிப் பாருங்கள். நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய அதே 1978 இல் ‘கூடி விளையாடு பாப்பா’ என்று சிறுவர் அரங்கையும் தொடங்கியவர் அவர். வசனத்தை ஒப்புவிக்கும் பிள்ளையை அல்ல, பாட்டும் அசைவுமாகக் கூடி விளையாடும் பிள்ளையையே அந்த அரங்கு கேட்கிறது என்பதைத் தலைப்பே சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு நீண்ட வசனம் வரவில்லை என்றால் அதைக் கூட்டத்துக்குப் பிரித்துக் கொடுங்கள். 1985 இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ போன்றவற்றில் எடுத்துரைஞர்கள் வருகிறார்கள் அல்லவா, அவர்களை உங்கள் ஊர்ப் பேச்சில் பேச விட்டுவிட்டுப் பாத்திரங்களை அப்படியே விடுங்கள். இரண்டு பேச்சும் ஒரே களத்தில் நிற்கும். ஒலிவாங்கிக்குச் செலவழிக்காமல் தப்புப் பறை அடிப்பவரை அழையுங்கள். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் இடத்தில் ஆடினால், சுற்றி நின்று பார்த்துப் பழகிய மக்கள் தாமாகவே வட்டமாக நிற்பார்கள், கதிரை அடுக்க வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கும் தோட்டங்களில் இரண்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள், இல்லையென்றால் கடைசிக் காட்சியை யாரும் பார்க்க மாட்டார்கள். ‘அன்னை இட்ட தீ’யைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், போரின் மனக்காயத்தைப் பேசும் 1991 ஆம் ஆண்டு நாடகம் அது, பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்துப் பாடியதிலிருந்து வந்த தலைப்பு.

நுவரெலியா முன்னாள் மாணவி:

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். சண்முகலிங்கம் பிறந்த 1931 ஐயும், நண்பர் எழுதிய 1978, 1985, 1991 என்ற ஆண்டுகளையும் நானும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அவருடைய ஒரு நாடகத்தையும் நேரில் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் யாரும் போடவில்லை. 2025 ஜனவரி 17 அன்று, தொண்ணூற்று மூன்றாவது வயதில் அவர் காலமான செய்தியை பஸ்ஸில் கைத்தொலைபேசியில் படித்தபோது, அழ வேண்டும் என்று தோன்றியது, ஆனால் மனத்தில் வந்தவை அந்த ஆண்டுகள் மட்டுமே. பக்கத்தில் இருந்த அக்கா யார் இறந்தது என்று கேட்டார். “பாடத்துல வர்றவரு” என்றேன். அந்தப் பதிலுக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஹட்டன் ஆசிரியை:

கொட்டகலை நண்பருக்கு நன்றி, ஆனால் எப்படி மேடையேற்றுவது என்று நான் கேட்கவில்லை. தப்பும் இருந்தது, மக்கள் வட்டமாகவும்தான் இருந்தார்கள். அதனால்தான் பாட்டி அவ்வளவு எளிதாக எழுந்து பேசினார். நாடகம் நிற்க வேண்டிய இடத்தில் அதை நிற்க விடாதவள் நான்.

முதியவராக நடித்த மாணவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், நான் எதுவும் கேட்காமலே சொன்னான்: “டீச்சர், அன்னிக்கு நீங்க தலையாட்டாம இருந்திருந்தா, ‘எனக்கும் பேரு வந்துச்சும்மா, நாந்தான் போகல’ன்னு சொல்லியிருப்பேன்.”