மூன்று சில்லு சாய்மான சைக்கிள்: முன் அச்சைப் பொருத்தும் அனுபவங்கள்

(சாய்ந்து இருந்து ஓட்டும் சைக்கிளைத் தாங்களே செய்கிறவர்களின் பேச்சு இது. ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தின் பெயரால் குறித்திருக்கிறது.)

கொட்டாஞ்சேனை:
சாதாரண சைக்கிளில் அச்சின் இரண்டு முனையையும் ஃபோர்க் பிடித்திருக்கும். முன்னுக்கு இரண்டு சில்லு வைத்த ட்ரைக்கில் (மூன்று சில்லு சைக்கிளில்) ஒரு முனைக்குத்தான் பிடி. கடையில் தரும் 10 மி.மீ. அச்சைப் போட்டால் மரை தொடங்கும் இடத்தில் வளையும், பிறகு அங்கேயே முறியும். வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடியாக ஏறும். 10ஐ 20 ஆக்கினால் எட்டு மடங்கு. மலைச்சரிவில் இறங்கும் டவுன்ஹில் சைக்கிளுக்கு வரும் 20 மி.மீ. துளை, 110 மி.மீ. அகல முன் ஹப் (சில்லின் நடுக்குடம்) கிடைத்தால் விடாதீர்கள். ஈஎன்8 உருக்குக் கம்பியைக் கடைச்சல் பட்டறையில் கொடுத்து 19.98 மி.மீ.க்கு இறக்கச் சொல்லுங்கள். வாயால் "இருபது" என்றால் 20.05 வந்து நிற்கும், ஹப் ஏறாது. ஹப்பைக் கையோடு கொண்டுபோய் லேத்தில் இருக்கும்போதே போட்டுப் பாருங்கள். வெளிமுனைக்குள் எம்10 (10 மி.மீ.) மரை வெட்டி, அகல வோஷரோடு போல்ட் போட்டால் போதும்.

வெள்ளவத்தை:
தடிப்பு சரி அண்ணை, ஆனால் ஆட்களைக் கவிழ்ப்பது கோணம். கிங்பின், அதாவது சில்லு இடம் வலம் திரும்பும் தண்டு, அதன் கோட்டை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் நடுவில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்க பிரேக்கைப் பிடித்ததும் ஹேண்டில் அந்தப் பக்கம் இழுக்கும்.

கணக்கு இதுதான். 406 மி.மீ. ரிம், 47 மி.மீ. டயர் என்றால் ஆரை ஏறக்குறைய 250. ஹப்பில் பாதி 55, கிங்பின்னாக நிற்கும் 28.6 மி.மீ. ஸ்டியரர் குழாயில் பாதி 14, சேர்த்தால் 69. கொஞ்சம் இடைவெளி விட்டு 70 என்று வைப்போம். 70க்கு 250, அதாவது 15.6 பாகை சாய்வு. சில்லு நிமிர்ந்து நிற்க, அச்சுக்கும் கிங்பின்னின் மேற்பகுதிக்கும் இடையில் 105.6 பாகை வேண்டும். பலர் 90இல் ஒட்டிவிட்டு (வெல்டிங் செய்துவிட்டு), சில்லு சரிந்து நிற்கிறதே என்று கேட்கிறார்கள். காஸ்டர், அதாவது கிங்பின்னின் மேல்முனை பின்னுக்குச் சாயும் கோணம், 12 பாகை அளவில் இருந்தால் ஹேண்டில் தானாக நடுவுக்குத் திரும்பும்.

தெஹிவளை:
ஒரே கைக்கு இரண்டு செய்துவிடாதீர்கள்! வலதும் இடதும் கண்ணாடி பார்த்த மாதிரி எதிரெதிராக இருக்க வேண்டும். வெட்ட முதலே சோக்கால் "இ", "வ" எழுதி வையுங்கள்.

ஆமர் வீதி:
ஒட்டு வேலையில்தான் எல்லாம் கெடும். ஸ்டியரர் குழாயின் சுவர் மெல்லியது. அச்சை வெளியில் முட்டவைத்து ஒட்டினால் சுவரோடு கிழிந்து வரும். குழாயைக் குறுக்கே துளைத்து, அச்சை இரண்டு சுவருக்குள்ளாலும் விட்டு, இரு பக்கமும் ஒட்டுங்கள். ஈஎன்8இல் கரி 0.4 சதவீதம் அளவில் இருப்பதால் 150 முதல் 200 பாகை செல்சியஸ் வரை முன்கூட்டியே சூடாக்கி, காய்ந்த 7018 வெல்டிங் குச்சி பாவியுங்கள். பிறகு மணலில் புதைத்து ஆறவிட வேண்டும், வாளித் தண்ணீரில் போடவே கூடாது. பலம் கூடிய 12.9 தர போல்டை வெட்டி அச்சாக ஒட்டுவதும் வேண்டாம், ஒட்டின விளிம்பில் அதன் பலம் போய்விடும். பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுத்த பழைய மோட்டார்சைக்கிள் அச்சும் அப்படித்தான். என்ன உருக்கு என்று விற்கிறவருக்கே தெரியாது.

நாலு இடத்தில் பொட்டு வைத்து (சிறிதாக ஒட்டிப் பிடித்து), அளந்து, எதிரெதிராக ஒட்டிக்கொண்டு போங்கள். அரைப் பாகை இழுத்தாலும் டயர் அடியில் 2 மி.மீ. தள்ளி நிற்கும்.

வெள்ளவத்தை:
ஹப்பையும் நீங்களே கடைவதென்றால், இரண்டு பெயாரிங்கின் உள்வளையங்களுக்கும் இடையில் ஒரு குழாய்த்துண்டு கட்டாயம். அது இல்லாமல் போல்டை இறுக்கினால் குண்டுகள் பக்கவாட்டில் நசிந்து சில்லு சுற்றக் கடினமாகிவிடும். அச்சின் தோளும் உள்வளையத்தை மட்டும்தான் தொடலாம். ரப்பர் மூடியில் உரசினால் ஒரு மழைக்கே தண்ணீர் உள்ளே போகும்.

தெஹிவளை:
எங்கள் பக்கம் கடற்காற்று. அலுமினிய ஹப்பும் இரும்பு அச்சும் உப்பில் பிடித்துக்கொண்டால் சுத்தியலுக்கும் அசையாது. பூட்டும்போதே அச்சு முழுக்க கிரீஸ் பூசுங்கள், மழைக்காலம் முடிய ஒருக்கா கழற்றிப் பாருங்கள்.