சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த நடிகை படம்: அசலா, நகலா?

டர்ஹாம்வாசி:
வட கரோலினா டர்ஹாமில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் 8 டாலருக்கு ஒரு சின்ன அட்டை வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, பழுப்புப் படம். அடியில் லில்லியன் ரஸல், ஸ்வீட் கேபொரல் என்று இருக்கிறது. அழுக்காயிருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்தேன். அங்கே மட்டும் பளபளப்புப் போய்விட்டது. அசல்தானா?

பழுப்பு அட்டை:
முதலில் அந்தத் துணியைக் கீழே போடுங்கள், தம்பி! 1880-களின் படங்கள் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்தவை. தண்ணீர் ஆகவே ஆகாது.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்து முகத்தைப் பாருங்கள். வரிசையாகப் புள்ளி தெரிந்தால் பின்னால் அச்சடித்த நகல். புள்ளியே இல்லாமல் நிழல் வழுக்கிக்கொண்டு போனால் நிஜப் புகைப்படம். (வண்ண அட்டைக்கு இந்தச் சோதனை செல்லாது, அது கல்லில் வரைந்து அச்சடித்த கல்லச்சு, அசலிலேயே புள்ளி உண்டு.) ஓரத்தையும் பாருங்கள்: மெல்லிய தாளைத் தனியாக அட்டையில் ஒட்டியிருப்பார்கள்.

ஸ்வீட் கேபொரல், நியூயார்க் கின்னி சகோதரர்களின் சிகரெட். காகிதப் பாக்கெட் நசுங்காமலிருக்க வைத்த அட்டைதான் இது. அதில் நடிகை படம் போட்டதும், தொகுப்பை முடிக்கவே ஆட்கள் இன்னொரு பாக்கெட் வாங்கினார்கள். உங்கள் ஊர் டியூக் சிகரெட் கம்பெனியும் இதே வேலை செய்தது. 1894-இல் அதை ஆரம்பித்த வாஷிங்டன் டியூக், இந்த ஆபாசப் படங்களை நிறுத்தச் சொல்லி மகனுக்குக் கடிதமே எழுதினார். பெரியவருக்குப் புகையிலை உறுத்தவில்லை, படம்தான் உறுத்தியது!

டர்ஹாம்வாசி:
புள்ளி இல்லை அண்ணா. வலது ஓரத்தில் தாள் நூலளவு பெயர்ந்து நிற்கிறது. பசை தடவலாமா? நல்ல விலை போகுமா?

பழுப்பு அட்டை:
அப்படியானால் பெரும்பாலும் அசல்தான். விலையில் ஆசை வைக்காதீர்கள். அதே காலத்து ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டின் பேஸ்பால் அட்டைக்குத்தான் அடிதடி. ஸ்டுடியோவில் நூலில் தொங்கும் பந்தை ஆட்டக்காரர் பிடிப்பதுபோல் நிற்பார்! நடிகைகள் மலிவாகவே கிடைக்கிறார்கள். என்னிடமே நாற்பது இருக்கிறது.

பசை வேண்டவே வேண்டாம். ஜெபர்சன் பர்டிக் இந்த மாதிரி அட்டைகளை லட்சக்கணக்கில் சேர்த்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த மகான். ஆனால் ஆல்பத்தில் ஒட்டியல்லவா வைத்தார்! பின்பக்கம் பார்க்க முடியாமல் இன்றுவரை எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

டர்ஹாம்வாசி:
சரி அண்ணா, அமிலமில்லாத உறை ஆர்டர் போட்டுவிட்டேன். மங்கின மூலை?

பழுப்பு அட்டை:
அது உங்கள் கையெழுத்து, விடுங்கள்.