டீன் ஆக்ஷன் படத்துக்கு பிளானிங் + மார்க்கெட்டிங் ப்ராஜெக்ட்: "13 முதல் 19 வயசு"ன்னு எழுதினா போதாதாம், எப்படி சரி பண்றது?

வியாசர்பாடி விஸ்காம்

எல்லாருக்கும் வணக்கம். சென்னைல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல மீடியா ஸ்டடீஸ் பேப்பருக்கு ஒரு படத்த கதைலேர்ந்து ரிலீஸ் வரைக்கும் பிளான் பண்ணி ஃபைல் குடுக்கணும், கூடவே ஒரு டீசர் நிஜமா ஷூட் பண்ணணும், ஒரு போஸ்டரும் வைக்கணும். டீம்ல மூணு பேர், கையில பதினாறு நாள் இருக்கு.

நாங்க எடுத்தது டீன் ஆக்ஷன். கதை இதுதான்: ராயபுரத்துல பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு, அப்பா சிலம்பம் கத்துக்குடுக்கிறவர். ஒரு நாள் அவளோட தம்பி, 12 வயசு, ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வரல. மாத்திரை விக்கிற ஒரு கும்பல் சின்னப் பசங்க ஸ்கூல் பேக்ல வச்சு சரக்கு மாத்துதுன்னு தெரிய வருது, இவ நாலு ஃப்ரெண்ட்ஸோட ஒரே ராத்திரில தேடிப் போறா. கிளைமாக்ஸ் ஈசிஆர்ல பைக் சேஸ்.

படம் யாருக்குங்கற இடத்துல "13 முதல் 19 வயசு"ன்னு மட்டும் எழுதியிருந்தோம். முதல் ரிவ்யூல சார் கேட்டது ரெண்டே கேள்விதான். "13 முதல் 19ன்னா எந்தப் 13? டிக்கெட் யார் காசு?" அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. மார்க்கெட்டிங் பார்ட்ல நாங்க எழுதினது இன்ஸ்டா ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ப்ரமோஷன், அவ்ளோதான். இத எங்கேர்ந்து ஆரம்பிச்சு சரி பண்றதுன்னு சொல்லுங்க, ப்ளீஸ்.

சாலிகிராமம் ஏடி

தம்பி, கதை நல்லாருக்கு, ஒரே ராத்திரில நடக்குதுங்கறது பட்ஜெட்டுக்கும் நல்லது, காஸ்ட்யூம் மாறாது, கன்டினியூட்டி தலைவலி கம்மி. ஆனா ஃபைல்ல நீங்க ஒரு விஷயத்த தள்ளிப் போட்டிருக்கீங்கன்னு தோணுது, சென்சார். அத கடைசி அத்தியாயமா வைக்காதீங்க, முதல்ல வைங்க.

ஏன்னா உங்க ஆடியன்ஸ்ல பாதிக்கு மேல 18க்கு கீழ. படத்துக்கு ஏ சர்டிஃபிகேட் வந்துச்சுன்னா அவங்களால தியேட்டருக்குள்ளயே வர முடியாது, டிவி ரைட்ஸும் அங்கேயே அடிவாங்கும். 2023ல சினிமாட்டோகிராஃப் சட்டத்த திருத்தினப்போ பழைய யுஏவ மூணாப் பிரிச்சாங்க: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. இதுல எது வந்தாலும் பசங்கள உள்ள விடுவாங்க, அந்த வயசுக்குக் கீழ இருந்தா அப்பா அம்மா பாத்து முடிவு பண்ணணும்னு மட்டும்தான் அர்த்தம். உங்க படத்துக்கு 13+ தான் டார்கெட்னு முதல் பக்கத்துலயே எழுதிடுங்க. எழுதிட்டீங்கன்னா ஸ்கிரிப்ட்ல என்ன வரலாம் என்ன வரக்கூடாதுன்னு தானா முடிவாயிடும். மாத்திரைய எப்படி யூஸ் பண்றாங்கன்னு க்ளோஸப் காட்டக்கூடாது, ரத்தம் தெறிக்கிறது கம்மி பண்ணணும், கத்தி பதிலா கம்பு. சிலம்பம் இருக்கிறதால உங்களுக்கு இது ரொம்ப ஈஸி, சுத்து, அடவு, கம்பு காத்துல போற சத்தம், அடி விழறதக் காட்டாமலே அடி விழுந்த ஃபீல் குடுத்துடலாம், சவுண்ட்லயே பாதி ஃபைட் முடிஞ்சிடும்.

அடுத்தது ஈசிஆர் பைக் சேஸ். பொண்ணுக்கு 16 வயசுன்னா அவ கியர் பைக் ஓட்டவே லைசென்ஸ் கிடையாது, 16ல கிடைக்கிறது 50 சிசிக்கு உள்ள, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் மைனர் வண்டி ஓட்டி மாட்டினா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபா அபராதமும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. கதைல காட்டவே கூடாதுன்னு யாரும் சொல்லல, ஆனா ஹீரோயின் அத செஞ்சு கைதட்டு வாங்கினா 13+ கேக்கிற இடத்துல கேள்வி வரும், அதவிட முக்கியம், டீசர்ல நீங்க நிஜமா ஷூட் பண்ணப்போறீங்க, ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாம, ரோட் க்ளோஸ் பண்ணாம, ராத்திரில. வேண்டாம்பா. நான் ஒரு செட்ல சும்மா மெதுவா போற பைக் ஷாட்ல ஒரு பையன் கை உடைஞ்சு பாத்திருக்கேன், அன்னிக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவன் அம்மாவுக்கு ஃபோன் பண்ண எங்க யாருக்கும் தைரியம் வரல.

பைக்க எடுத்துட்டு பறக்கும் ரயில் ஸ்டேஷன் வைங்க, அதான் மேல பாலத்துல ஓடுற ட்ரெயின். பீச்லேர்ந்து வேளச்சேரி வரைக்கும் அவ்ளோ பெரிய ஸ்டேஷன், உள்ள அவ்ளோ காலி இடம், படிக்கட்டு, தூண், மேல ட்ரெயின் வர்ற அதிர்வு. ஓடி ஓடி தேடுற சேஸுக்கு சென்னைல இதவிட இடம் இல்ல. ஃபைல்ல சதர்ன் ரயில்வே பர்மிஷன்னு ஒரு வரி எழுதுங்க. டீசருக்கு ஸ்டேஷனுக்குள்ள போகாம உங்க காலேஜ் படிக்கட்டுல எடுத்துக்கங்க, பர்மிஷன் இல்லாம கேமராவோட உள்ள போனா பிரச்சனை ஆயிடும்.

தம்பி கேரக்டருக்கு நிஜமாவே 12 வயசுப் பையன நடிக்க வைக்கிறதா பிளான் போட்டா ஷெட்யூல மாத்தணும். 14க்கு கீழ இருக்கிற குழந்தைங்கள நடிக்க வைக்க கலெக்டர் பர்மிஷன் வேணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், 3 மணி நேரத்துக்கு மேல பிரேக் இல்லாம வேலை வாங்கக்கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல கூடாது, அவன் சம்பளத்துல 20 சதவீதமாவது அவன் பேர்ல பேங்க்ல ஃபிக்ஸட் டெபாசிட் போடணும். உங்களோடது ராத்திரிக் கதை, பையனுக்கு 5 மணி நேரம்னா அவன் சீன் எல்லாத்தையும் மொத்தமா சேத்து சாயங்காலத்துலயே முடிக்கிற மாதிரி போடுங்க. ஹீரோயினுக்கு 18 தாண்டின, பாக்க 16 மாதிரி இருக்கிற பொண்ணா பாருங்க.

போஸ்டர் அக்கா

மேல அண்ணன் சொன்னதெல்லாம் சரி, நான் மார்க்கெட்டிங் பக்கம் சொல்றேன், 11 வருஷமா பப்ளிசிட்டி டிசைன்ல இருக்கேன்.

உங்க சார் கேட்ட கேள்வி ரொம்ப நல்ல கேள்விப்பா. 13 வயசுப் பையன் தனியா தியேட்டர் போகமாட்டான், அம்மா கூட்டிட்டுப் போகணும். 16 வயசுப் பொண்ணு ஃப்ரெண்ட்ஸோட போவா, ஆனா வீட்ல கேட்டுட்டுத்தான், காசும் வீட்லதான். 19 வயசு காலேஜ் பசங்க பாக்கெட் மணில போவாங்க, யாரையும் கேக்க வேண்டியதில்ல, ஆனா அவங்க வீக்கெண்டுக்கு பெரிய ஹீரோ படம் இருந்தா அங்கதான் போவாங்க. இந்த மூணு பேருக்கும் ஒரே டீசர் வேலை செய்யாது. நான் இருந்தா ரெண்டு வாசல் வைப்பேன். ஒண்ணு பசங்களுக்கு: செங்குத்தா எடுத்த வீடியோ, 9:16, முதல் மூணு செகண்ட்லயே கம்பு சுத்தணும், பேர் போடுறது லோகோ போடுறது எல்லாம் கடைசில. இன்னொண்ணு வீட்டுக்கு: அக்கா தம்பி பாசம், "நேரம் ஆச்சு, இன்னும் காணோம்"ங்கற பயம். இது வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்ல போற வீடியோ, கிடைமட்டமா, 40 செகண்ட், சத்தம் இல்லாம பாத்தாலும் புரியற மாதிரி எழுத்தோட.

டிக்டாக் 2020ல இங்க தடை ஆயிடுச்சு, அதனால வெளிநாட்டு மார்க்கெட்டிங் உதாரணத்துலேர்ந்து அந்த பார்ட்ட அப்படியே எடுத்துப் போடாதீங்க, நிறைய பேர் போடுறாங்க. ஷார்ட்ஸ் 2024 அக்டோபர்லேர்ந்து மூணு நிமிஷம் வரைக்கும் போகலாம், ஆனா போகலாம்ங்கறதுக்காக இழுக்காதீங்க. இன்னொண்ணு, டீசர் யூடியூப்ல போட சென்சார் தேவையில்ல, ஆனா தியேட்டர்ல போடுற ட்ரெய்லருக்கு தனியா சர்டிஃபிகேட் வேணும், இத நிறைய ஸ்டூடண்ட் ஃபைல்ல பாத்ததே இல்ல, எழுதினா நிச்சயம் கவனிப்பாங்க.

பட்ஜெட்ல ப்ரொடக்ஷனுக்குள்ளயே பப்ளிசிட்டிய அடக்கிடாதீங்க. அது தனி கணக்கு. தியேட்டருக்கு டிஜிட்டல்ல படம் அனுப்ப க்யூப், யுஎஃப்ஓ மாதிரி கம்பெனிக்கு ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் வாடகை மாதிரி ஒரு காசு போகுது, அதையும் எழுதுங்க. சின்ன படம்னா எத்தன ஸ்க்ரீன்ல போடறோம்ங்கறதே செலவுதான், முதல் வாரம் 60 ஸ்க்ரீன் நிரம்பறது 200 ஸ்க்ரீன் காலியா ஓடறதவிட நல்லது.

ரிலீஸ் தேதி எழுதலயே நீங்க? டீன் படத்துக்கு அதுதான் பாதி மார்க்கெட்டிங். மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், அந்த மாசம் எந்த வீட்லயும் பத்தாவது, பிளஸ் டூ பசங்கள விடமாட்டாங்க. ஏப்ரல் மே லீவு, ஆனா ஐபிஎல் ஓடுது, சேப்பாக்கத்துல மேட்ச் இருக்கிற அன்னிக்கு சாயங்கால ஷோ என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். பொங்கல் தீபாவளிக்கு பெரிய படம், ஸ்க்ரீன் கிடைக்காது. எனக்கு காலாண்டு லீவு பிடிக்கும், செப்டம்பர் கடைசி. ஆயுத பூஜைக்கு பெரிய படம் வந்தா ஒரு வாரம் முன்னாடி வெள்ளிக்கிழமை இறங்குங்க.

ராயபுரத்துக்காரன்

நான் சினிமா ஆள் இல்ல, பார்க்கறவன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எங்க ஏரியான்னாலே கத்தி, கஞ்சா, பாழடைஞ்ச வீடுன்னு காட்டறத விட்டுடுங்க. இங்க காலைல கிரவுண்டுல ஃபுட்பால் ஆடுற பசங்க, கேரம் போர்டு, பாக்ஸிங் சொல்லித்தர்ற பெரியவங்க எல்லாரும் இருக்காங்க. கோலி சோடா 2014ல வந்தப்போ கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்குற நாலு பசங்களத்தான் காட்டினாங்க, அடிதடி இருந்துச்சு, ஆனா அந்தப் பசங்களுக்கு மரியாத வேணும்ங்கறதுதான் கதை, அதனாலதான் ஸ்டார் இல்லாமலே ஜனம் பாத்துச்சு. தம்பி தொலைஞ்சா எங்க தெருவுல அந்தப் பொண்ணு தனியா தேடமாட்டா தம்பி, மீன் விக்கிற ஆயாலேர்ந்து ஷேர் ஆட்டோ ஓட்டுறவர் வரைக்கும் தெருவே தேடும். அத வைங்க.

பெரம்பூர் அம்மா

பையன் பத்தாவது, பொண்ணு ஏழாவது. யார் காசுன்னு கேட்டீங்கல்ல, என் காசுதான். எங்க வீட்ல நடக்கிறது என்னன்னா பையன் ஃபோன்ல ட்ரெய்லர் காட்டுவான், நான் பாக்கிறது ரெண்டே விஷயம், கெட்ட வார்த்தை இருக்கா, ரொம்ப வெட்டு குத்து இருக்கா. அப்புறம் டிக்கெட், பாப்கார்ன், ஆட்டோ எல்லாம் சேத்து நாலு பேருக்கு என்ன ஆகும்னு மனசுல கணக்குப் போடுவேன். மாத்திரை விஷயம் படத்துல வர்றது எனக்கு நல்லதாத்தான் படுது, ஏன்னா இத நான் அவன்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ரெண்டு வருஷமா முழிக்கிறேன், படம் பாத்துட்டு வர்ற வழில பேசலாம். ஆனா ட்ரெய்லர்ல அது மட்டும் தெரிஞ்சா பயந்து வேண்டாம்னுதான் சொல்வேன்.

விஸ்காம் பாடம் நடத்துறவர்

போஸ்டர் மேடம் சொன்ன ரெண்டு வாசல், பெரம்பூர் அம்மா சொன்னது, ரெண்டையும் தியரியோட கட்டினா மார்க் வரும். 1972ல மெக்வெயில், ப்ளம்லர், பிரவுன் மூணு பேரும் ஜனங்க மீடியாவ எதுக்குப் பயன்படுத்தறாங்கன்னு நாலு காரணமா பிரிச்சாங்க: பொழுதுபோக்கு, உறவு, தன் அடையாளம், சுத்தி நடக்கிறது தெரிஞ்சுக்கறது. வழக்கமா ஸ்டூடண்ட்ஸ் நாலையும் வரையறை எழுதிட்டு விட்டுடுவாங்க. நீங்க அம்மா சொன்ன "வர்ற வழில பேசலாம்"ங்கறத உறவுக்கு கீழயும், பதினாறு வயசுப் பொண்ணு திரையில தன்ன மாதிரி ஒருத்தி கம்பு எடுக்கறதப் பாக்கறத அடையாளத்துக்கு கீழயும் வைங்க. பத்துப் பேரையாவது நேர்ல கேளுங்க, அதுல நாலு பேர் பெத்தவங்களா இருக்கட்டும். கூகுள் ஃபார்ம்ல உங்க கிளாஸ் பசங்களே அம்பது பேர் நிரப்பினது ஆடியன்ஸ் ரிசர்ச் ஆகாது.

வியாசர்பாடி விஸ்காம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி மூணு பேரும் உக்காந்து ஃபைல முதல்லேர்ந்து மாத்திட்டோம். பைக் போச்சு. கிளைமாக்ஸ் பறக்கும் ரயில் ஸ்டேஷன், டீசர் காலேஜ் படிக்கட்டுல. டார்கெட் சர்டிஃபிகேட் யுஏ 13+னு முதல் பக்கத்துல இருக்கு. ராயபுரம் அண்ணா, நீங்க சொன்னத படிச்சிட்டு நாலு ஃப்ரெண்ட்ஸ்ங்கறத எடுத்துட்டோம், ஷேர் ஆட்டோ ஓட்டுறவர், மீன் விக்கிற ஆயா, எதிர்வீட்டு ஃபுட்பால் பையன், இவங்கதான் இப்போ அவளோட டீம். ரிலீஸ் காலாண்டு லீவு, அதுக்கு முந்தின வெள்ளி. பெரம்பூர் அம்மா, வீட்டுக்கான டீசர் ஸ்கிரிப்ட் இது, நீங்களும் பையனும் பாத்துட்டு சொல்லுங்க: கடிகாரம் ஆறரை, தட்டுல சோறு மூடி வச்சிருக்கு. ஏழே கால், சோறு அப்படியே. வாசல்ல கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி மட்டும், இன்னொரு ஜோடி இடம் காலி. பொண்ணு சுவத்துல மாட்டியிருக்கிற கம்ப எடுக்கிறா. அவ்ளோதான், மாத்திரை வரவே இல்ல.

பெரம்பூர் அம்மா

பையன்கிட்ட படிச்சுக் காட்டினேன் கண்ணு. ஃபைட் எங்கன்னு கேப்பான்னு நெனச்சேன். "தம்பி கிடைச்சானா இல்லயா"ன்னு கேட்டான், இப்போ என்னய விடமாட்டேங்கறான். முழுக் கதைய அனுப்புங்க.