புதுப்பிப்பு: வாசிப்புக் குழுவில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்

எங்கள் வாசிப்புக் குழுவில் ஆளாளுக்கு "நல்லா இருந்தது" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைக் குறித்து வந்து வாய்விட்டுப் படிக்கட்டும் என்று இங்கே சொன்ன யோசனை பலித்துவிட்டது. நன்றி!

எடுத்த புத்தகம் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். கூடவே அதற்கு வித்தான 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. கதையில், மழையில் கெட்டது நடந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். நாவலில் தாய் அலறிவிடுகிறாள். விஷயம் வெளியே தெரிந்து மகள் கங்காவின் வாழ்க்கையே திசைமாறுகிறது.

இரண்டு பேர் இந்த இடத்தையே குறித்து வந்திருந்தார்கள். "அந்த அம்மாவுக்கும் பயம்தானே" என்றார் ஒருவர். இன்னொரு அக்கா கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. எப்போதும் வாய் திறக்காத தம்பி, கங்காவைக் கெடுத்த பிரபுவின் மேல் தனக்கு இரக்கம் வந்தது என்று சொல்ல, அப்புறம் யாருமே நேரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அக்காவின் கட்சிதான் சரி.

நாவலின் முடிவைப் பேச நேரமில்லை. அடுத்த கூட்டத்தில் முதலில் அது, பிறகு அதன் தொடர்ச்சியான 'கங்கை எங்கே போகிறாள்'.